ரிமோட்டில் எத்தனையாம் நம்பர்? ஆறு மாதம் பயன்படுத்திய ஒரு கேபிள் இணைப்பு பற்றி

மதுரையில் வீடு மாறியபோது, பழைய வீட்டில் வைத்திருந்த டிஷ் ஆண்டெனாவை மாட்ட மொட்டை மாடியில் இடமில்லை என்று வீட்டு உரிமையாளர் சொல்லிவிட்டதால், தெருவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கேபிள் இணைப்பையே வாங்கிக்கொண்டோம். அதைப் பயன்படுத்தி ஆறு மாதங்கள் ஆகின்றன. இணைப்பைத் தரும் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை இல்லை என்பதும், எங்கள் பகுதிக் கேபிள்காரர் மாதந்தோறும் வீட்டுக்கு வந்து பணம் வாங்கும் நல்ல மனிதர் என்பதும் அதற்குக் காரணங்கள்.

முதலில் பொருளைப் பற்றி. செட்டாப் பாக்ஸ் இரண்டு நாளில் வந்தது. படம் தெளிவாக இருக்கிறது. மழை பெய்தாலும் டிஷ்ஷைப் போலப் படம் உறைந்து நிற்பதில்லை. ஆனால் தெருவில் எங்காவது மின்சாரம் போனால், எங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தாலும் சிக்னல் போய்விடுகிறது. ரிமோட்டின் பொத்தான்கள் மூன்றாம் மாதமே அழுந்த மறுத்தன. கேபிள்காரர் "வேற தாரேன் சார்" என்று சொல்லி நாற்பது நாள் கழித்து மாற்றித் தந்தார். மாதம் 250 ரூபாய். ரசீது கேட்டால் மட்டும் கிடைக்கும். இவ்வளவில் முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. ஆனால் கேபிள் இணைப்பின் மூலம் நாம் வாங்குவது படத்தை மட்டும் இல்லை. எதை முதலில் பார்ப்போம், எதைத் தேடிப் போய்ப் பார்ப்போம், எதைப் பார்க்காமலே விட்டுவிடுவோம் என்ற ஒரு வரிசையையும் சேர்த்தே வாங்குகிறோம். அந்த வரிசையை அமைத்தது யார், எதற்காக என்பதைத்தான் இந்த ஆறு மாதமும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பாக்ஸை இயக்கியதும் நாம் கடைசியாகப் பார்த்த சேனல் வருவதில்லை. ஒரு குறிப்பிட்ட சேனல் தானாகவே வந்து நிற்கிறது. தொழிலில் இருப்பவர்கள் இதை 'லேண்டிங் பேஜ்' என்கிறார்கள். அந்த இடம் காசுக்கு விற்கப்படும் இடம். மாடியிலிருந்து இறங்கி வந்து, ரிமோட்டைத் தேடி எடுத்து, வேறு சேனலுக்கு மாறுவதற்குள் போகும் நேரத்தில் அந்தச் சேனல் நம் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்வையாளர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் கருவி பொருத்தப்பட்ட வீடாக இருந்தால், அந்த நேரமும் கணக்கில் சேரும் வாய்ப்பு உண்டு என்பதால்தான் இது சர்ச்சைக்குள்ளானது. அவ்வாறு கணக்கெடுக்கப்படும் சேனல்களை லேண்டிங் பேஜில் வைக்கக் கூடாது என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2018 டிசம்பரில் உத்தரவிட்டது. 2019 மே மாதம் தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்துசெய்தது. எங்கள் பாக்ஸில் ஆறு மாதத்தில் மூன்று சேனல்கள் இந்த இடத்துக்கு வந்துபோயின. மூன்றில் ஒன்றைக்கூட நாங்கள் தேர்ந்தெடுத்த பட்டியலில் கேட்டிருக்கவில்லை.

அடுத்தது எண். செய்திச் சேனல்கள் எல்லாம் அடுத்தடுத்த எண்களில் வரிசையாக இருக்கின்றன. 'சேனல் பிளஸ்' பொத்தானை அழுத்திக்கொண்டே போகிறவர்கள் முதல் நான்கைந்து சேனல்களுக்குள் நின்றுவிடுகிறார்கள். என் தந்தை அப்படித்தான் பார்க்கிறார். தமிழ்ச் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை பார்வையாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. விளம்பரத்தை நம்பி நடக்கும் அந்தச் சேனல்களே, வீடுகளுக்குள் வர வேண்டும் என்றால் கேபிள் நிறுவனங்களுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. அதாவது, பத்திரிகை நடத்துபவர், பெட்டிக்கடைக்காரர் முன்வரிசையில் தொங்கவிட வேண்டும் என்பதற்காகக் கடைக்காரருக்குக் காசு தருவதைப் போன்றது இது. கடைக்காரர் ஒரு கட்சிக்காரராகவோ அரசாகவோ இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் அனுபவம் உண்டு. 2018 ஜூன் மாதம் கோவையில் புதிய தலைமுறை நடத்திய வட்டமேசை விவாதத்தைத் தொடர்ந்து அந்தத் தொலைக்காட்சி மீது வழக்குப் பதிவு செய்யப்பட்டது. அதே காலத்தில், தமிழ்நாடு அரசே நடத்தும் அரசு கேபிளில் அந்தச் சேனல் பட்டியலின் பின்பகுதிக்குத் தள்ளப்பட்டதாகப் பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டனம் தெரிவித்தன. தடை விதித்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். நம்பரை மாற்றினால் எங்கே போவது? பார்வையாளருக்கோ சேனல் எங்கே போயிற்று என்பதே தெரியாது. 'இப்போது வருவதில்லை போல' என்று நினைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

இந்தக் கம்பியின் வரலாறு தமிழ்நாட்டு ஆட்சிகளின் வரலாற்றோடு பின்னிக்கிடக்கிறது. 1993 ஏப்ரல் 14 அன்று, தமிழ்ப் புத்தாண்டு நாளில், சன் டிவி தொடங்கியது. அதை நடத்திய கலாநிதி மாறன், தி.மு.க.வின் மூத்த தலைவர் முரசொலி மாறனின் மகன். பின்னர் அதே குழுமம் சுமங்கலி கேபிள் விஷன் வழியாக விநியோகத் தொழிலிலும் இறங்கியது. நிகழ்ச்சியைத் தயாரிப்பவரும் அதை வீட்டுக்குக் கொண்டுவரும் கம்பியை வைத்திருப்பவரும் ஒருவராக இருந்தால், போட்டிச் சேனலின் கதவுச் சாவி அவர் கையில்தான் இருக்கும். இதைச் சொல்ல ஊடகக் கோட்பாடு எதையும் படித்திருக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் கேபிள் தொழில் செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

2001 ஜூன் 30 அதிகாலையில், மேம்பால வழக்கில் கருணாநிதி கைதுசெய்யப்பட்ட காட்சியைச் சன் டிவி திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. 1999 முதல் இயங்கிவந்த ஜெயா டிவியோ, அதே இரவின் வேறொரு பதிவை எடுத்துப் போட்டது. முதல் பதிவில் ஒரு முதிய தலைவரைப் போலீசார் இழுத்துச் செல்கிறார்கள். இரண்டாவதில் மத்திய அமைச்சர்கள் போலீசாரைத் தள்ளுகிறார்கள். இரண்டும் உண்மையில் நடந்தவைதாம். கேமரா நின்ற இடமும், எந்த நொடியில் வெட்டுகிறோம் என்பதும்தான் வேறு. அப்போது எங்கள் வீட்டில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம் என்பது நினைவிருக்கிறது. அன்றைக்கு ஒரு வகையில் அது சுலபமாக இருந்தது. எந்தச் சேனல் எந்தப் பக்கம் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

சிக்கல், பக்கங்களே உடைந்தபோது வந்தது. 2007 மே 9 அன்று, சன் குழுமத்தின் தினகரன் நாளிதழ் கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை வெளியிட்டதையடுத்து, எங்கள் மதுரையிலேயே அந்நாளிதழின் அலுவலகம் தாக்கித் தீ வைக்கப்பட்டது. மூன்று ஊழியர்கள் உயிரிழந்தார்கள். விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்துவிட, 2019-ல்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்த ஊழியர்கள் எந்தச் சித்தாந்தத்துக்காகவும் உயிரை விடவில்லை; ஒரு குடும்பத்துக்குள் நடந்த வாரிசுச் சண்டையின் நடுவே அலுவலகத்துக்கு வேலைக்கு வந்திருந்தார்கள். ஊடகமும் அதிகாரமும் பற்றிப் பேசும் எவரும் இந்த இடத்தில் சற்று நின்று போவது நல்லது.

அந்த மாதமே கலாநிதியின் தம்பி தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், கருணாநிதி குடும்பத்தின் கலைஞர் டிவி தொடங்கியது. அடுத்த மாதம் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி கழகம் பதிவுசெய்யப்பட்டது. மக்களுக்குக் குறைந்த விலையில் கேபிள் என்பது அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனால் முதல்வரின் குடும்பத்துக்கும் மாறன் சகோதரர்களுக்கும் உறவு கெட்டிருந்த சமயத்தில் பிறந்த கழகம் அது என்பதை யாரும் மறக்கவில்லை. 2008 டிசம்பரில் குடும்பம் சமாதானமானது. அதன் பிறகு கழகத்தின் வேகம் குறைந்து, பெயரளவில் இருந்துகொண்டிருந்தது. 2011-ல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும், தி.மு.க. அரசு உருவாக்கிய அதே கழகத்தை எடுத்துத் தூசி தட்டி, செப்டம்பர் 2 அன்று மாதம் 70 ரூபாய்க்கு 90 சேனல்கள் என்று மீண்டும் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் சன் டிவி இல்லை. ஒரே நிறுவனம், ஒரே கம்பி. முதலில் குடும்பச் சண்டைக்கு ஆயுதம், பிறகு உறையில் கிடந்த ஆயுதம், அதன் பிறகு எதிர்க்கட்சிக்கு எதிரான ஆயுதம். இதற்கிடையில் 70 ரூபாய்க்கு டிவி பார்த்த ஏழைக் குடும்பங்களுக்கு உண்மையிலேயே பணம் மிச்சமானது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2006 தேர்தல் வாக்குறுதியின்படி தி.மு.க. அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். பெட்டியை ஒரு கட்சி தந்தது, அதில் ஓடும் சிக்னலின் விலையை இன்னொரு கட்சி குறைத்தது. பார்வையாளர் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஓட்டைத் தன் விருப்பப்படி போட்டார்.

அ.தி.மு.க.வுக்கு வந்த நிலைமை இன்னும் விநோதம். ஜெயலலிதாவின் மறைவுக்குப் பின் ஜெயா டிவியும் 'நமது எம்.ஜி.ஆர்.' நாளிதழும் சசிகலா குடும்பத்தின் வசம் இருந்துவிட்டதால், ஆட்சியில் இருந்த கட்சி தன் செய்தியைச் சொல்லத் தனக்கென ஊடகம் இல்லாமல் நின்றது. 2018-ல் 'நமது அம்மா' நாளிதழையும் நியூஸ் ஜெ தொலைக்காட்சியையும் தொடங்க வேண்டியதாயிற்று. கொள்கையும் சின்னமும் தொண்டர்களும் கட்சியிடம் இருக்க, அலைவரிசை மட்டும் உறவினர்களிடம் போய்விட்டது. சொத்துப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் சொல்வதே அன்றைய கொள்கை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும், கட்சிச் சேனல்களைத்தான் இந்த இணைப்பில் நான் அதிகம் நம்புகிறேன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். நான் சொல்வது அவற்றின் செய்தியை இல்லை, அவற்றின் லேபிளை. மருந்துப் புட்டியில் உள்ளடக்கம் அச்சிட்டிருப்பதைப் போல, அந்தச் சேனல்களில் சாய்வு வெளிப்படையாக ஒட்டப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்று தொடங்கிய கட்சி, 'ஜஸ்டிஸ்' என்ற தன் ஆங்கில நாளிதழின் பெயராலேயே நீதிக்கட்சி என்று வரலாற்றில் நின்றது. 1925-ல் 'குடி அரசு', 1942-ல் 'முரசொலி' என்று இயக்கங்கள் பத்திரிகைகளின் வழியாகவே வளர்ந்தன. 'முரசொலி'யை வாங்குபவருக்குத் தான் எதை வாங்குகிறோம் என்பது தெரியும். எனக்குக் கவலை தருபவை 'நடுநிலை' என்று தாமே அறிவித்துக்கொள்ளும் சேனல்கள். அவற்றின் உரிமையாளர்களுக்குக் கல்லூரியோ கட்டுமானத் தொழிலோ வேறு வணிகமோ இருக்கும்போது, எந்தச் செய்தி வராது என்பதை வாசித்துக் கண்டுபிடிக்க லேபிள் கிடையாது.

எனவே சொற்களைக் கவனிக்கும் பழக்கம் வந்தது. புதிய இணைப்பு வாங்குபவர்கள் ஒரு வாரம் இதைச் செய்துபார்க்கலாம். தி.மு.க. மீண்டும் ஆட்சிக்கு வந்த 2021-க்குப் பிறகு, 'மத்திய அரசு' என்று சொல்லும் சேனல் எது, 'ஒன்றிய அரசு' என்று சொல்லும் சேனல் எது என்று குறித்துக்கொண்டாலே பாதி வரைபடம் கிடைத்துவிடும். அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்று சொல்வதை ஒரு தரப்பு காட்டுகிறது. பல்லாண்டு வழக்கை மற்றொரு தரப்பு காட்டுகிறது. (மேலே நான் 'மத்திய அமைச்சர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து என் தரப்பை முடிவுசெய்தவர்கள் இருப்பார்கள். அந்த நிகழ்ச்சிகளின் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள் என்பதால் அப்படியே விட்டேன்.) சில சேனல்களில் காலைச் செய்தியில் 'மத்திய', மாலை விவாதத்தில் 'ஒன்றிய'. அது கொள்கைக் குழப்பமாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு ஷிப்டுகளில் இரண்டு உதவி ஆசிரியர்கள் இருப்பார்கள்.

சட்டமன்றம் நடக்கும் நாட்கள் இன்னும் நல்ல பரிசோதனை. ஒரே நிகழ்வு, ஒரு சேனலில் 'எதிர்க்கட்சி வெளிநடப்பு', மற்றொன்றில் 'எதிர்க்கட்சியினர் வெளியேற்றம்', மூன்றாவதில் 'பேச அனுமதி மறுப்பு'. கீழே ஓடும் எழுத்தில் இந்த மூன்றில் எது வருகிறது என்பதைப் பார்த்துவிட்டால், செய்தியாளர் என்ன பேசப்போகிறார் என்பதை ஒலியை நிறுத்திவிட்டே ஊகிக்கலாம். ஆனால் எல்லா மாற்றமும் உரிமையாளரின் கட்டளைப்படிதான் வருகிறது என்றும் சொல்ல முடியாது. 'கௌரவக் கொலை' என்று எழுதிவந்த ஊடகங்கள், செயல்பாட்டாளர்களும் எழுத்தாளர்களும் விடாமல் வாதாடியதால், கொலையில் என்ன கௌரவம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் 'ஆணவக் கொலை' என்று எழுதத் தொடங்கின. அந்தச் சொல் கீழேயிருந்து மேலே போன சொல். இந்த ஆறு மாதத்தில் நான் பார்த்தவரை, அது எந்தக் கட்சிச் சேனலின் தனிச் சொத்தாகவும் ஆகவில்லை.

மாலை நேர விவாதங்களைப் பற்றி அதிகம் எழுதத் தோன்றவில்லை. தலைப்பு எப்போதும் எதுகையோடு இரண்டு கேள்விக்குறிகளாக வரும்: சாதனையா? வேதனையா? ஆளும் கட்சி ஒருவர், எதிர்க்கட்சி ஒருவர், 'மூத்த பத்திரிகையாளர்' ஒருவர், 'அரசியல் விமர்சகர்' என்ற பட்டத்தோடு எந்தக் கட்சி என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவர். சாதனையும் வேதனையும் கலந்தது என்று சொல்ல வருபவருக்கு நாற்காலி இல்லை.

செய்தியைவிட அதிகம் பேர் பார்ப்பது நெடுந்தொடர்கள். சித்தாந்தம் உண்மையில் குடியிருப்பதும் அங்கேதான் என்று நினைக்கிறேன். பகுத்தறிவு இயக்கத்தின் வழிவந்தவர்கள் நடத்தும் சேனல்களிலும் காலையில் ராசிபலன் உண்டு. விநாயகர் சதுர்த்தியன்று கலைஞர் டிவி 'விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்' என்று விளம்பரம் செய்வதைக் கேலி செய்யாதவர் குறைவு. எனக்கென்னவோ அந்தச் சொற்றொடர் கேலிக்குரியதாகப் படவில்லை; கொள்கையையும் விளம்பர வருவாயையும் ஒரே வரியில் உட்கார வைக்க ஒருவர் பட்ட பாடு அதில் தெரிகிறது. 2015-ல் அதே தொலைக்காட்சிக்காகக் கருணாநிதி தம் தொண்ணூறு வயதுக்கு மேல் வைணவ ஆசாரியர் இராமானுஜரின் வாழ்க்கையைத் தொடராக எழுதினார். சாதி கடந்து கோபுரத்தின் மேலிருந்து மந்திரத்தை எல்லோருக்கும் சொன்னவர் என்ற கோணத்தில் அவரை எடுத்துக்கொண்டார். கொள்கை சந்தைக்குப் பணிந்தது என்றும் பார்க்கலாம், சந்தைக்குள் கொள்கை ஒரு வழி கண்டுபிடித்தது என்றும் பார்க்கலாம். இரவு ஏழு மணி முதல் பத்து மணி வரை ஓடும் மற்ற தொடர்களில் அப்படி ஒரு இழுபறிகூட இல்லை. மருமகள் பொறுத்துக்கொள்கிறாள், மாமியார் திருந்துகிறாள், தாலி தப்பிக்கிறது. எல்லாச் சேனலிலும், எல்லாக் கட்சியிலும். இதற்காக யாரும் யாருடைய நம்பரையும் மாற்றுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் கூறிவிட்டது. அரசியல் கட்சிகளையும் அரசுகளையும் ஒளிபரப்பிலும் விநியோகத்திலும் அனுமதிக்கக் கூடாது என்று ட்ராய் 2008 முதல் பலமுறை பரிந்துரைத்துவிட்டது; 2014 ஆகஸ்டில் ஊடக உரிமை குறித்து விரிவான பரிந்துரையே தந்தது. பரிந்துரைகள் பரிந்துரைகளாகவே இருக்கின்றன. அவற்றையும் மீறி 2017-ல் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமமும் கிடைத்தது.

இனி, வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். 2019 பிப்ரவரி முதல் தேவையான சேனல்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் உரிமை உண்டு. கேபிள்காரர் முதலில் ஒரு மொத்தப் பேக்கைத்தான் சொல்வார். தனித்தனியாக வேண்டும் என்று கேட்டால் கொஞ்சம் முகம் சுளித்துவிட்டுச் செய்து தருவார். செய்திச் சேனல்களுக்காக மட்டும் பேக்கை ஏற்ற வேண்டாம், பெரும்பாலானவை கட்டணமில்லாமலே வந்துவிடும். 'பேவரிட்' பட்டியல் என்று ரிமோட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. நாமே வரிசையை அமைத்துக்கொள்ளலாம். எங்கள் பாக்ஸில் மின்சாரம் போய்வந்தால் அது அழிந்துவிடுகிறது, அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன். லேண்டிங் பேஜை நிறுத்த வழி இல்லை, அதற்கு இன்னொன்று. ஐந்துக்கு மூன்று.

யூடியூப் இருக்கும்போது கேபிள் எதற்கு என்று மகள் கேட்கிறாள். அங்கேயும் ஒரு வரிசை இருக்கிறது. அதை அமைப்பவர் எந்த ஊர்க்காரர் என்பதுகூட நமக்குத் தெரியாது, இங்கே குறைந்தது கேபிள்காரரின் கைப்பேசி எண்ணாவது இருக்கிறது. போன வாரம் செய்திப் பகுதியில் இரண்டு சேனல்கள் இடம் மாறியிருந்தன. ஏன் என்று கேட்டேன். "மேலருந்து மாத்திட்டாங்க சார், எனக்குத் தெரியாது" என்றார். மேலே என்றால் யார் என்று கேட்டதற்கு, ரசீதுப் புத்தகத்தை எடுத்து இந்த மாதத்துக்கான பக்கத்தைத் தேடத் தொடங்கினார்.